மழையில் யாரும் மரம் வெட்டுவதில்லை: தோட்டத்துக் கதைகள் ஏன் அச்சேறுவதில்லை?



"டீச்சர், கதை ஒன்னு எழுதியிருக்கேன். பத்திரிகைக்கு அனுப்பணும். யாருக்கு அனுப்புறது?" ஆண்டுக்கு நாலைந்து மாணவர்களாவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பயிற்சி ஆசிரியர்களும் கேட்பதுண்டு. பதிலாக நாம் வழக்கமாகச் சொல்லும் குறிப்புகள் உங்களுக்கும் தெரியும்: சொல் எண்ணிக்கையைத் தாண்டாதே, ஒற்றுப்பிழை பார், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுது, பொறுமையாகக் காத்திரு. தப்பில்லை, எல்லாம் தேவையான குறிப்புகள்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், இவை எல்லாமே உறையைப் பற்றியவை. உறைக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி நாம் பேசுவது குறைவு. நம் நெகிரி செம்பிலான் தோட்டங்களைப் பற்றி மாணவர்களும் புதியவர்களும் எழுதும் கதைகளை முன்வைத்து அதைக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். முதலில் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அது திரும்பி வந்த கதை.

என் முதல் கதை

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் இதழுக்குச் சிறுகதை அனுப்பினேன். ஏழு பக்கம். தோட்டத்து அம்மா ஒருவர் மகளின் படிப்புச் செலவுக்காகக் கொட்டும் மழையில் நனைந்தபடி பால்மரம் வெட்டுகிறார். காய்ச்சல் வருகிறது. பிறகு என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துவிடலாம். எழுதும்போது நானே அழுதேன். நிச்சயம் வெளிவரும் என்று நம்பினேன்.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சலில் இரண்டே வரி வந்தது. கதையில் வரும் அம்மா மழையில் மரம் வெட்டுகிறாரே, அது எந்தத் தோட்டம்? விசாரித்துவிட்டு மறுபடியும் எழுதுங்கள். இவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. நானே தோட்டத்துப் பிள்ளையின் பிள்ளை, என்னிடம் போய் இப்படிக் கேட்கிறார்களே என்று.

அந்த வார இறுதியில் பாட்டியைப் பார்க்கப் போனேன். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டியவர். கதையைப் படித்துக் காட்டினேன். மழைக் காட்சி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"மழையில எவம்மா மரம் வெட்டுவா? பட்டை நனைஞ்சிருந்தா பாலு கோட்டுல நிக்குமா? மரமெல்லாம் வழிஞ்சு போயிடும். மங்குல மழைத்தண்ணிதான் நிக்கும்."

"அப்ப மழை பேஞ்சா என்ன பாட்டி செய்வீங்க?"

"என்னத்த செய்யிறது? நாலு மணிக்கு முழிப்புத் தட்டிடும். தகரத்துல மழைச் சத்தம் கேக்கும். அப்படியே படுத்துக் கெடப்பேன். அன்னிக்குச் சம்பளம் போச்சு. ஒங்க தாத்தாவும் முழிச்சுதான் கெடப்பாரு. ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம்."

என் ஏழு பக்கத்தில் இல்லாத கதை இந்த நான்கைந்து வாக்கியத்தில் இருந்தது. நான் துன்பத்தைக் காட்ட நினைத்து, நடக்காத துன்பம் ஒன்றை உண்டாக்கியிருந்தேன். நடந்த துன்பம் வேறு. அதில் யாரும் நனையவில்லை, யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. இருட்டில் இரண்டு பேர் கூரையில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள்.

வெட்டி முடித்த பிறகு மழை வந்தால் என்ன ஆகும் என்றும் பாட்டி சொன்னார். அப்போது காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாக ஓடி, மங்கில் இருக்கும் பாலைத் தண்ணீர் கலக்கும் முன் சேகரிக்கப் பார்ப்பார்களாம். ஆக, மழையில் மரம் வெட்ட மாட்டார்கள், ஆனால் மழையில் ஓடுவார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் தோட்டத்துக் கதை எழுதியவள் நான்.

தேர்வுக் கதையும் பத்திரிகைக் கதையும்

என் பிழைக்குக் காரணம் என் மன்றாடும் கற்பனை மட்டுமில்லை. பள்ளியில் கற்ற கதை வடிவமும் ஒரு காரணம். இன்று நானே அதைக் கற்பிப்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நம் மாணவர்களின் கதை எப்படித் தொடங்கும்? கதைமாந்தர் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருப்பார். கண்களில் நீர் பெருகும். நினைவலைகள் பின்னோக்கிச் செல்லும். கடைசிப் பத்தியில் யாராவது தோளைத் தொட, நிகழ்காலத்துக்குத் திரும்பி வருவார். இடையில் ஒரு விபத்து, ஒரு மருத்துவமனை, ஒரு மனமாற்றம். பின்நோக்கு உத்தி, வருணனை, மரபுத்தொடர், நீதி, எல்லாம் இருக்கிறது. மதிப்பெண்ணும் கிடைக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் மொழித்திறனைக் காட்ட வேண்டிய மாணவருக்கு இப்படி ஒரு சட்டகம் உதவுகிறது என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விடைத்தாளைத் திருத்துபவர் கடைசி வரி வரை படித்தாக வேண்டும். பத்திரிகையில் கதையைத் தேர்ந்தெடுப்பவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. முதல் பத்தியில் சாய்வு நாற்காலி வந்தால் அடுத்த கதைக்குப் போய்விடுவார். ஏனென்றால் அந்த வாரம் அவருக்கு வந்த பத்துக் கதைகளில் ஆறில் அதே நாற்காலி இருக்கும். திருத்துபவர் தேடுவது உங்களுக்குத் தெரிந்த மொழியை. பத்திரிகைக்காரர் தேடுவது உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒன்றை.

தோட்டத்துப் பின்னணி உள்ள பிள்ளைகளிடம் அந்த 'ஏதோ ஒன்று' நிறையவே இருக்கிறது. பெரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிடும் குரல், இடுப்பில் கட்டிய கொசுவத்தியின் புகை, பால் நிறுக்கும் இடத்தில் கிராணியின் கணக்கு, ஒட்டுப்பாலின் நாற்றம், ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்த குழந்தை. வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் இருட்டிலேயே வேலை தொடங்குகிறது என்பதுகூட ஒரு கதைக்கு வேண்டிய செய்திதான். உச்சி வெயிலில் மரம் வெட்டும் அம்மாவை இன்றும் மாணவர் கதைகளில் பார்க்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் மங்கு கட்டியிருப்பதையும் ஒருமுறை பார்த்தேன். சிரிக்காதீர்கள், அந்தப் பிள்ளை பிறந்து வளர்ந்தது அடுக்குமாடி வீட்டில். தோட்டத்தை அது கதைகளில்தான் பார்த்திருக்கிறது. முந்தைய கதையில் இருந்த பிழை அடுத்த கதைக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

திருத்திக் கொடுத்த காலம்

முன்பு எழுத வந்தவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இந்த நாட்டில் அதற்கு ஒரு நல்ல பதில் உண்டு. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். சிறுகதை எழுதுவதைப் பாடமாக வெளியிட்டு, வாசகர்களைப் பயிற்சி எழுதி அனுப்பச் சொன்னார்கள். வந்தவற்றைப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். பின்னாளில் மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதிய மா. இராமையா அந்த வகுப்பிலிருந்து வந்தவர்களில் ஒருவர். அதே ஐம்பதுகளில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு மாணவர் மணிமன்றத்தின் வழி மலாயா, சிங்கப்பூர் மாணவர்களை எழுத வைத்தது. 1952இல் தமிழகத்திலிருந்து கு. அழகிரிசாமி தமிழ் நேசனுக்கு வந்து 1957 வரை இருந்தார். தேர்ந்த சிறுகதை எழுத்தாளர் ஒருவர் உள்ளூர் எழுத்தாளர்களோடு உட்கார்ந்து கதைகளை விவாதிக்கும் வாய்ப்பு அப்போது கிடைத்தது.

தோட்டத்தில் இருந்த ஒருவருக்கு இதன் பயன் என்ன என்று நினைத்துப் பாருங்கள். கோலாலம்பூர் போக வேண்டியதில்லை. யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தபால்தலை வாங்கக் காசு இருந்தால் போதும். அவருடைய எழுத்தை முன்பின் தெரியாத ஒருவர் படித்து, இங்கே இது சரியில்லை என்று சொல்வார்.

கதை வகுப்பை நான் முழுக்கப் புகழவும் மாட்டேன். எழுதுபவர்களைத் தரம் பிரித்ததில் எனக்கு உடன்பாடில்லை. அது வாசகரை மறுபடியும் பரீட்சை மண்டபத்துக்குத்தான் கொண்டுபோகும். கதைக்கு விதி சொல்லிக் கொடுத்தால் விதிக்கு ஏற்ற கதைகள் வரும் என்ற ஆபத்தும் உண்டு. ஆனாலும், திருத்திக் கொடுப்பது ஒரு பத்திரிகையின் வேலை என்று அவர்கள் நினைத்தார்கள் பாருங்கள், அந்த நினைப்பு பெரியது.

பிறகு பரிசுகளின் காலம் வந்தது. 1970களில் முருகு. சுப்பிரமணியன் ஆசிரியராக இருந்தபோது தமிழ் நேசன் பவுன் பரிசுத் திட்டத்தை நடத்தியது. கதைக்குத் தங்கம் கிடைக்கும் என்பது எழுதுபவருக்கு எவ்வளவு மதிப்பு! 1980களிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டியும் அதன் தொகுப்பான 'பேரவைக் கதைகள்' நூலும் பல புதியவர்களை அறிமுகம் செய்தன. இவற்றின் பயனை யாரும் குறைத்துப் பேச முடியாது. என் குறை வேறு. போட்டியில் வென்ற பத்துப் பேரின் பெயர் வெளிவருகிறது. வெல்லாத நூறு பேருக்கு எதுவும் தெரிவதில்லை. தன் கதையில் எது தவறு என்று தெரியாமலே அடுத்த ஆண்டும் அதே கதையை வேறு பெயரில் அனுப்புகிறார்கள். எனக்கு வந்த இரண்டு வரி அவர்களுக்கு வரவில்லை.

1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. இன்று பதிவேற்ற இடத்துக்குப் பஞ்சமில்லை. யார் வேண்டுமானாலும் கைப்பேசியிலேயே எழுதி வெளியிடலாம். அச்சேறுவது சுலபமாகிவிட்டது. திருத்திக் கொடுப்பவர் கிடைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது.

அனுப்புவதற்கு முன்

சரி, இப்போது நடைமுறைக்கு வருவோம். மாணவர்களே, இதை வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

1. அனுப்பப் போகும் இதழின் அண்மைய மூன்று வெளியீடுகளைப் படியுங்கள். மலேசிய நண்பன், மக்கள் ஓசை, தமிழ் மலர் போன்ற நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புக்கு ஓர் அளவு இருக்கும். 2007இல் அச்சிதழாகத் தொடங்கிப் பிறகு இணைய இதழான வல்லினம் எதிர்பார்ப்பது வேறு. ஞாயிறு பக்கத்துக்கு எழுதியதை வல்லினத்துக்கு அனுப்பிவிட்டு, "என் கதையைப் போடவில்லை" என்று வருந்துவதில் பயனில்லை.

2. தெரிந்தவர் ஒருவரிடம் சரிபாருங்கள். இலக்கியம் தெரிந்தவரை மட்டும் சொல்லவில்லை. மரம் வெட்டுவதைப் பற்றி எழுதினால் மரம் வெட்டியவரிடம், லோரி ஓட்டுநரைப் பற்றி எழுதினால் லோரி ஓட்டியவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எங்கே அவர் முகம் சுளிக்கிறார் என்று பாருங்கள்.

3. முதல் பத்தியை அடித்துவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பத்துக்கு எட்டுக் கதை அதனால் கெடாது.

4. யூனிகோட் எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். முரசு அஞ்சல், செல்லினம் என்று நம் நாட்டவர் ஆக்கிய கருவிகளே இருக்கின்றன. எழுதிய தாளைப் படம்பிடித்து வாட்சாப்பில் அனுப்பாதீர்கள். அதை மறுபடியும் தட்டச்சு செய்ய எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை.

5. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். பெயர், ஊர், தொடர்பு எண், கதையின் தலைப்பு, இது சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவரவில்லை என்ற உறுதி. ஆசிரியரைப் புகழ வேண்டாம். உங்கள் வறுமையைச் சொல்லி இரக்கம் தேடவும் வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரிடம் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

6. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். எந்தத் தேதியில் எங்கே அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் ஒருமுறை பணிவாகக் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், வேறிடத்துக்கு அனுப்பப் போவதாக ஒரு வரி எழுதிவிட்டு அனுப்பலாம்.

7. சன்மானம் உண்டா என்று கேட்பது அவமரியாதை ஆகாது. எழுத்தும் உழைப்புதான். இல்லை என்று சொன்னால் அனுப்புவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

8. உண்மை மனிதர்களைப் பற்றி எழுதும்போது பெயரையும் அடையாளத்தையும் மாற்றுங்கள். தோட்டம் சின்ன உலகம். அடுத்த வீட்டு அக்காவின் குடும்பச் சண்டையை அப்படியே எழுதினால் பாதிக்கப்படப் போவது அவர்தான்.

உரிமையும் சொந்த நூலும்

இதை நம்மில் பலர் சொல்லிக் கொடுப்பதில்லை. மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. நீங்கள் சொந்தமாக எழுதி, தாளிலோ கணினியிலோ பதிவான கதைக்குப் பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் கிடைக்கும் என்றில்லை. எழுதியவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பிறகு 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஆகவே போட்டி விதிமுறைகளைக் கடைசி வரி வரை படியுங்கள். அனுப்பப்படும் எல்லாப் படைப்புகளும் ஏற்பாட்டாளருக்கே சொந்தம் என்று ஒரு வரி இருந்தால், பரிசு பெறாத கதையையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். தெரிந்து கொடுத்தால் சரி.

பத்துப் பன்னிரண்டு கதை சேர்ந்ததும் நூலாகப் போட ஆசை வரும். நம் நாட்டில் பெரும்பாலும் எழுதியவரே காசு போட்டு அச்சிடுகிறார். ஐ.எஸ்.பி.என். எண்ணைத் தேசிய நூலகம் கட்டணமின்றித் தருகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சு நூலின் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். இதைச் சுமையாக நினைக்காதீர்கள். இருபது ஆண்டு கழித்து ஒரு மாணவர் உங்கள் நூலைத் தேடினால் அங்கே கிடைக்கும்.

நூல் வெளியீட்டு விழாக்கள் பற்றி ஒரு வார்த்தை. மாலை, பொன்னாடை, முதல் நூல் பெறும் பிரமுகர், உறையில் பணம். இதனால்தான் அச்சுக்கூலி திரும்புகிறது என்பது எனக்குத் தெரியும், குறை சொல்லவில்லை. ஆனால் அன்று நூல் வாங்கிய இருநூறு பேரில் எத்தனை பேர் படித்தார்கள் என்று எழுதியவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. விழாவுக்கு முன் ஐந்து பேரிடம் படியைக் கொடுத்து, குறையை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பது நல்லது. பொன்னாடை பிறகு போர்த்திக்கொள்ளலாம்.

ஆசிரியர்களுக்கு

கதை வகுப்பு இனி எந்த நாளிதழிலும் வருமா தெரியாது. நம் வகுப்பறையில் வரலாம். நான் நான்காம் படிவத்தில் செய்துபார்த்த பயிற்சி இது. இரண்டு பாடவேளை போதும்.

முதல் வேளைக்கு வருமுன் ஒவ்வொரு மாணவரும் வீட்டிலோ அண்டையிலோ ஒரு மூத்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வர வேண்டும்: "நீங்கள் வேலைக்குப் போக முடியாத ஒரு நாளில் என்ன செய்தீர்கள்?" பதிலை அவர் பேசிய பேச்சிலேயே எழுதி வர வேண்டும். வகுப்பில் இணையாக உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து, புரியாத சொல்லின் கீழ்க் கோடு போட வேண்டும். இரண்டாம் வேளையில் அதையே ஒரு பக்கக் கதையாக எழுத வேண்டும். சாய்வு நாற்காலி, கண்ணீர், விபத்து மூன்றுக்கும் தடை. ஆசிரியர் மதிப்பெண் போடக் கூடாது. ஓரத்தில் இரண்டு வரி மட்டும் எழுத வேண்டும்: எதை நம்பினேன், எதை நம்பவில்லை.

நாற்பது தாள் என்றால் எண்பது வரி. கஷ்டம்தான். நிர்வாக வேலைக்கு நடுவே எனக்கும் ஒரு வாரம் ஆனது. ஆனால் ஒரு மாணவி எழுதி வந்ததைச் சொல்ல வேண்டும். அவளுடைய தாத்தா வேலையில்லாத நாளில் உளியைத் தீட்டிக்கொண்டே இருப்பாராம், தீட்ட வேண்டிய அவசியம் இல்லாதபோதும். தேர்வுக்கும் அது உதவும், பத்திரிகைக்கும் உதவும். ஏனென்றால் மாநிலத்தில் வேறு யார் விடைத்தாளிலும் அந்த உளி இருக்காது.

லாபு, சிலியாவ், சுவா பெத்தோங், லின்சம் என்று நாம் சொல்லும் பெயர்களில் பல இன்று பள்ளிப் பெயர்ப்பலகையிலும் பேருந்து நிறுத்தத்திலும்தான் கேட்கின்றன. செண்டாயான் பக்கம் போனால் புது நகரம் நிற்கிறது. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை, செம்பனை இருந்த இடத்தில் வீடு. மழைச் சத்தம் கேட்டுப் படுத்திருந்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

என் பாட்டி இப்போது இல்லை. அந்தக் கதையை நான் மறுபடி எழுதினேன். மழை நாளில் விழித்திருக்கும் இரண்டு பேர், நான்கு பக்கம். வேறோர் இதழில் வெளிவந்தது. எழுதிக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று உறைத்தது: விடிந்து மழை நின்ற பிறகு அவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை. அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பினேன். படிப்பவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது.

மாணவர்களே, இந்தப் பள்ளி விடுமுறையில் போய்க் கேளுங்கள். எழுதியதும் பத்திரிகைக்கு அனுப்புமுன் உங்கள் தமிழாசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர்களே, தயவுசெய்து அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுங்கள்.